யோகா பாயில் ஆறு வாரக் குட்டி

“நாய்க்குட்டிகளை நடுவில் ஓடவிட்டு யோகா செய்யும் வீடியோக்கள் ஃபோனில் வந்தபடி இருக்கின்றன. குட்டிகளுக்கும் அது சந்தோஷம்தானே?” என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இல்லை. 2023இல் பிரித்தானியாவின் ஐ.டி.வி. செய்தியாளர்கள் இப்படிப்பட்ட வகுப்புகளை நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆறு வாரக் குட்டிகள்கூட இருந்தன. தூங்க விடவில்லை, தண்ணீர் வைக்காத இடமும் இருந்தது. அடுத்த ஆண்டே இத்தாலியச் சுகாதார அமைச்சு, இதற்கெல்லாம் வளர்ந்த நாய்தான், குட்டி கூடாது என்று தடுத்துவிட்டது. சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் நுவரெலியாவுக்கும் இந்த மோகம் ஏறி வர நாளாகாது. அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வோம்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குப் போய்ச் சேரும் பிறபொருளெதிரிகள் மிகக் கொஞ்சம். பெரும்பங்கு சீம்பாலில்தான் வருகிறது. அவற்றைச் சிதைக்காமல் இரத்தத்துக்குள் விடும் குணம் குட்டியின் குடலுக்கு ஏறத்தாழ முதல் ஒரு நாள்தான் உண்டு. அன்று குடித்ததுதான் கையிருப்பு. அதில், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரசை எதிர்க்கும் பங்கு, பத்து நாளுக்கு ஒரு தடவை பாதியாகிக்கொண்டே போகும்.

இனித்தான் விசித்திரம். ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரு சின்ன வருமானம் வருகிறது. மாதத்தை ஓட்ட அது போதாது, ஆனால் பட்டியலிலிருந்து பெயரை வெட்ட அது போதும். ஆறாம் வாரம் தாண்டிய குட்டியின் இரத்தமும் அந்த வீடுதான். மிஞ்சியிருக்கும் தாயின் பிறபொருளெதிரி, வெளியிலிருந்து வரும் வீரியமான வைரசைத் தடுக்கப் போதாது. ஆனால் தடுப்பூசியில் வரும் நலிந்த வைரசைப் பிடித்து அழிக்கப் போதும். ஊசி போட்டும் உடம்பு எதையும் கற்றுக்கொள்வதில்லை. அந்த வருமானம் நன்றாக வற்றிய பிறகுதான் பெயர் பட்டியலில் ஏறும். தாயின் பங்கு அப்படி வற்றும் வாரம் குட்டிக்குக் குட்டி மாறும், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள்ளும் மாறும். அதனால்தான் மிருக வைத்தியர்கள் 16 வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். தாய் கொடுத்த காவலே பிள்ளையின் பாடத்தை மறிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் வியப்புத்தான்.

யோகா வகுப்புக்காரர்கள் தேடும் வயதும் சரியாக இந்தக் காவலில்லாத வாரங்கள்தான். பார்வோ நாயின் மலத்தில் வெளியேறி, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். செருப்படியில் ஒட்டி வரும். சவர்க்காரத் தண்ணீருக்குச் சாகாது, குளோரின் வேண்டும். நம் மலையில் ஈரத்துக்கும் நிழலுக்கும் என்ன குறை?

மனிதரோடு பழகினால் குட்டிக்கு நல்லது என்பார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை அப்படியொரு பருவம் உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் நடந்த ஆய்வுகள் 1960களிலேயே காட்டிய விஷயம் அது. பழகுவது என்றால் குட்டி தானாக வரவும், பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் முடிய வேண்டும். கை மாற்றிக் கை தூக்குவது பழக்குவதாகாது. நாயைக் கொஞ்சினால் ஆக்சிடோசின் என்ற பாச ஹோர்மோன் ஊறும் என்ற கதையும் அப்படித்தான். 2015இல் ஜப்பானியர் அளந்தது, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கும்போது ஏறும் ஆக்சிடோசினை. முன்பின் தெரியாதவர் மடியில் திணித்த குட்டியைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

லயத்து இஸ்தோப்பில், கொழுந்துச் சாக்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் குட்டிகளைப் பாருங்கள். விளையாடிய இடத்திலேயே விழுந்து தூங்கும். அந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குமேல் தூக்கம் வேண்டும். பிறகு அந்த வீடியோக்களைப் பாருங்கள். கொட்டாவி, மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது, காதைப் பின்னுக்கு மடிப்பது. பார்ப்பவர்கள் “சொகுசா இருக்கு” என்கிறார்கள். தூக்கியவுடன் வரும் கொட்டாவி பெரும்பாலும் பதற்றத்தின் அடையாளம்.

சட்டத்தை நம்பியிருக்க முடியாது. 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம் எழுதிவைத்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். ஆகவே விடுதிக்காரர்களே, குட்டிகளைக் கேட்டு லயத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள். குட்டி வைத்திருப்பவர்களே, எட்டு வாரத்துக்குமுன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள், வாடகைக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: விசர்நாய் நோய்க்குப் போடும் ஊசி பார்வோவைத் தடுக்காது. அதற்கு வேறு ஊசி, மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள்.