கல்லீரலுக்கு ஆள் சேர்க்கும் மாத்திரை

சிவகாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்க்கும் என் அண்ணன், வலிப்புக்குப் பத்து வருடமாக ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார். காசநோய் மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. குடிக்காத மனிதர், குடித்தவர்போல் தள்ளாடுகிறார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?”

உங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்தும்தான். அதனால் ஆலையை வைத்தே சொல்கிறேன்.

ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை வேலையாட்கள் என்று வையுங்கள். ஆட்கள் கம்மி, வழக்கமான அளவுக்கே எல்லார் கையும் நிறைந்துவிடும். 300 மில்லிகிராமை 400 ஆக்கினால் சிலருக்கு ரத்தத்தில் அளவு இரட்டிப்பைத் தாண்டுவது இதனால்தான். காசநோய் மாத்திரையிலுள்ள ஐசோனியசிட் இந்த ஆட்களின் கையைக் கட்டிவிடுகிறது. சரக்கு தேங்குகிறது. தள்ளாட்டம், நாக்குழறல், கண்மணித் துடிப்பு எல்லாம் அந்தத் தேக்கம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் நேரெதிர். கல்லீரல் செல்லிலுள்ள ஓர் ஏற்பியைப் பிடித்து, மரபணுக்களைத் தட்டியெழுப்பி, புது நொதிகளைச் செய்யவைக்கும். தீபாவளி ஆர்டர் வந்ததும் கிராமம் கிராமமாக வேன் அனுப்பி ஆள் ஏற்றுவதுபோல. ஆள் சேர ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆலையில் உள்ளதுபோல் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதியெல்லாம் கல்லீரலில் கிடையாது. வந்தவர்கள் கண்ணில் பட்ட சரக்கையெல்லாம் காலிசெய்வார்கள். ஆர்டர் முடிந்தாலும் உடனே கலைய மாட்டார்கள். (போனஸ் தகராறு மட்டும் இல்லை.) ஃபெனிட்டாயினே இப்படி ஆள் சேர்க்கும் மருந்துதான். அதைச் சாப்பிடும் பெண்களைக் கருத்தடை மாத்திரை சில நேரம் கைவிடுவது அதனால்.

வரலாறு வேண்டுமென்றால்: ஃபெனிட்டாயின் வலிப்புக்கு வந்தது 1938, ஐசோனியசிட் காசநோய்க்கு வந்தது 1952. நமக்கு வேண்டியது சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் கண்டுபிடிப்பு. தென்னிந்தியர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர் ஐசோனியசிடை மெதுவாகக் கழிப்பவர்கள், பிறவி வாகு. கைகட்டு இவர்களிடம் நீடிக்கும். கட்டு வெல்லுமா, வேன் வெல்லுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

‘கல்லீரலைச் சுத்தமாக்கும்’ சிரப்பை வாங்கிவிடாதீர்கள். அண்ணனின் கல்லீரலில் அழுக்கு ஏதுமில்லை. ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவைப் பார்த்தால் போதும். மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். காசநோய் மாத்திரை முடிந்ததும் சேர்ந்த ஆட்கள் மெல்லக் கலைவார்கள், அப்போதும் ஒருமுறை அளவு பார்க்க வேண்டும். தள்ளாட்டம் நிற்கும்வரை அண்ணனை ஆலைக்கு அனுப்பாதீர்கள்.