முதுமைக்கு இன்றே ஒரு சேமிப்பு

கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் வாழும் முதியோருக்கு 2001 பிப்ரவரி 28 மறக்க இயலாத நாள். நூறாண்டுகளுக்கு மேல் இயங்கிய தங்கச் சுரங்கங்கள் அன்று மூடப்பட்டன. பணி ஓய்வு நாம் எண்ணியிருக்கும் வயதில்தான் வரும் என்பதற்கு உறுதியில்லை என்பதை அந்நாள் உணர்த்தியது.

சுரங்கம் தரும் படிப்பினை இன்னொன்றும் உண்டு. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்தூசு நுரையீரலில் படிந்து, பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே ‘சிலிகோசிஸ்’ நோயாக வெளிப்படுகிறது. அத்தூசு தொழிலாளர் விரும்பி ஏற்றதன்று. ஆனால் புகையிலை, மிகையான உப்பு, உடலுழைப்பின்மை ஆகியவற்றை நாமே ஏற்றுக்கொள்கிறோம். அவற்றின் விளைவும் பிற்காலத்தில்தான் தெரிய வருகிறது.

நற்பழக்கங்களின் பயனும் அவ்வாறே சிறுகச் சிறுகச் சேர்வதாகும். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது விரைந்து நடத்தல் போன்ற மிதமான பயிற்சி வேண்டும் என்றும், உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. அறுபத்தைந்தைக் கடந்தோர், தடுமாறி விழாதிருக்க, உடற்சமநிலைப் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாள் செய்தல் நலம். மருத்துவரின் ஆலோசனையுடன் எந்த வயதிலும் தொடங்கலாம்.

பணத்திலும் காலமே பெருந்துணை. 18 முதல் 40 வயது வரையிலானோர் சேரக்கூடிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.5,000 பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் ரூ.210 செலுத்தினால் போதும். 40 வயதில் சேர்பவர் ரூ.1,454 செலுத்த வேண்டும். முன்னவர் 42 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ரூ.1,05,840, பின்னவர் 20 ஆண்டுகளில் செலுத்துவதோ ரூ.3,48,960. வருமான வரி செலுத்துவோர் இதில் புதிதாகச் சேர இயலாது. அவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதி போன்ற வழிகள் உள்ளன. ஏற்கெனவே ஓய்வு பெற்றோர், கணக்குகளில் வாரிசு நியமனம் உள்ளதா எனச் சரிபார்த்து, வாழ்நாள் சான்றிதழை ஆண்டுதோறும் தவறாது அளித்தல் வேண்டும்.

மூன்றாவது சேமிப்பு உறவு. சுவரோடு சுவர் ஒட்டிய ‘லயன்’ வீடுகளில் அண்டை வீட்டாரே முதல் துணை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலேறும் பிள்ளைகள் இரவில்தான் திரும்புவர். அதுவரை முதியோரிடம் நலம் விசாரிக்க ஒருவர் இருப்பது பெரும் பாதுகாப்பாகும். அந்த நட்பையும் இளமையிலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.