புலமைப்பரிசில் விண்ணப்பம்: "ஏன் அங்கே?" என்ற கேள்வி

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் என்று பேச்செடுத்தால் நமது தமிழாசிரியர்கள் பலர் சொல்வது, "அதெல்லாம் இங்கிலீஷ் ஆக்களுக்கு, சேர்" என்பதுதான். ஆங்கிலம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால், இளம் ஆசிரியர்கள் என்னிடம் காட்டிய விண்ணப்பங்களில் நான் கண்ட பெரிய குறை மொழியல்ல. எதைத் தேடிப் போகிறோம் என்பது அவற்றில் தெளிவாக இல்லை.

புல்பிரைட்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1946இல் செனட்டர் புல்பிரைட்டின் முயற்சியால் தொடங்கிய திட்டம் இது. இலங்கையில் இதற்கென 1952 முதல் ஓர் ஆணைக்குழு இருக்கிறது. முதுமாணி விண்ணப்பத்தில் இரண்டு கட்டுரைகள் முக்கியமானவை. ஒன்று உங்களைப் பற்றியது. மற்றது படிப்பின் நோக்கம் பற்றியது. நம்மவர்கள் இரண்டிலும் பிறந்த ஊர், பட்ட கஷ்டம், பரிசு வென்ற பேச்சுப்போட்டி என்று எழுதிவிடுகிறார்கள். நோக்கக் கட்டுரைக்கு வேண்டியது மூன்று விடைகள்: என் கேள்வி என்ன? ஏன் அங்கே? திரும்பி வந்து என்ன செய்வேன்?

கேள்வி சிறிதாக இருக்கட்டும். "முஸ்லிம்களின் தமிழிலக்கியம்" என்பது வெறும் தலைப்பு. "பெண்களுக்கென எழுதப்பட்ட அறபுத்தமிழ் நூல்கள் மார்க்கச் சட்டத்தை எவ்வகைத் தமிழில் விளக்கின?" என்பது கேள்வி.

வழுக்குகிற இடம் இரண்டாவது. ரோஜா முத்தையாவின் நூற்சேகரத்தைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. இதைக் கேள்விப்பட்டு, அந்நூல்களைப் பார்க்கச் சிக்காகோ போகவேண்டும் என்று ஒருவர் எழுதினால் விண்ணப்பம் அதோடு சரி. நூல்கள் சென்னையில், ஆய்வு நூலகமாகவே இருக்கின்றன. சிக்காகோவுக்குப் போகக் காரணம் நூல்களாக இருக்க முடியாது. அங்குள்ள பேராசிரியர், அவர் கற்பிக்கும் ஆய்வு முறை என்று வேறொன்றைக் காட்டவேண்டும். லண்டனை நோக்குகிறவர்களுக்கு, பிரித்தானிய நூதனசாலையிலிருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் போப்பும் தொகுத்த பட்டியல் 1909இலேயே வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

மூன்றாவதும் சும்மா கேட்பதல்ல. புல்பிரைட்டில் படித்தவர் சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்த பிறகே அமெரிக்காவில் குடியேற விசாக் கேட்கலாம் என்பது பொது விதி. ஆகவே, திரும்பி வந்து எந்த வகுப்பில், எதைக் கற்பிப்பீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் தேடி அலையத் தேவையில்லை. உங்கள் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவரின் கடிதத்துக்கே எடை கூட.

இதையெல்லாம் வலியுறுத்தக் காரணமுண்டு. நமது வீட்டு அலுமாரிகளில் அறபுத்தமிழ்க் கிதாபுகள் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. அவற்றை ராகத்தோடு ஓதத் தெரிந்த உம்மும்மாமார் ஒவ்வொருவராக மவுத்தாகிறார்கள். அறபெழுத்தும் பழந்தமிழும் ஒருசேரத் தெரிந்த ஆசிரியைகள் நம்மிடம் இருக்கிறார்கள். "பிள்ளைகளை விட்டுட்டு எப்படிப் போற?" என்ற கேள்வியிலேயே அவர்களது விண்ணப்பம் நின்றுவிடுகிறது. அந்தக் கவலை நியாயமானது. வீட்டார் கூடியிருந்து பேசவேண்டியது. ஆனால், பேசுவதற்கு முன்னரே முடிவு சொல்லிவிடக்கூடாது. அவர்கள் கேட்காவிட்டால் இந்தக் கேள்விகளை இனிக் கேட்க ஆளில்லாமல் போகலாம்.

விண்ணப்பிக்க நினைப்பவர் முதலில் அந்த மூன்று விடைகளையும் தமிழிலேயே ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். தமிழில் தெளிந்ததை ஆங்கிலமாக்க உதவிக்கு ஆள் கிடைக்கும். தமிழிலேயே தெளியாததை யாராலும் ஆங்கிலமாக்கேலாது.