15 டிகிரி கழுத்து, 90 டிகிரி பார்வை

ஃப்ளைட் சிமுலேட்டரில் ஒரு சாதாரணத் தரையிறக்கத்தை எடுத்துக்கொள்வோம். செஸ்னா 172. தரையிலிருந்து 1000 அடி உயரம். ஓடுபாதை இடது பக்கம் இருக்க, அதற்கு இணையாக எதிர்த்திசையில் பறந்துகொண்டிருக்கிறீர்கள். இதை டவுன்விண்ட் என்பார்கள். இறங்க வேண்டிய முனையைத் தாண்டிப் போய், அது உங்கள் இடது தோளுக்குப் பின்னால் ஏறத்தாழ 45 டிகிரியில் தெரியும்போது திரும்ப வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் கணக்கு. அதாவது மூக்கின் திசையிலிருந்து 135 டிகிரி தள்ளி. நிஜ விமானத்தில் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது. மானிட்டரில்? எதிரே இருக்கும் வானமும் டயல்களும்தான் தெரியும். ஓடுபாதையைக் காணோம்.

ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் இருக்கும் ஹேட் சுவிட்சைக் கட்டைவிரலால் தள்ளி இடது பக்கம் பார்க்கலாம். ஆனால் பார்வை அங்கே போய் நின்றதும் மூக்கு எந்தப் பக்கம், இறக்கை சமமாக இருக்கிறதா என்பதெல்லாம் மறந்துபோகும். திரும்பி வந்து பார்த்தால் 200 அடி ஏறியிருப்போம். அதனால் நிறைய பேர் ஒரு குறுக்குவழிக்குப் போய்விடுகிறார்கள்: ஜிபிஎஸ் வரைபடத்தைப் பார்த்தே திரும்பிவிடுவது. கண்ணால் ஓட்ட வேண்டியதைக் கருவியால் ஓட்டுவது. வீட்டுச் சிமுலேட்டரில் நிறைய பறந்துவிட்டு நிஜப் பயிற்சிக்கு வருகிறவர்களைப் பற்றிப் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் குறையும் இதுதான்: டயலையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே பார்ப்பதில்லை. கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது எதிரே வரும் இன்னொரு விமானத்தைக் கண்டு விலகுவது விமானியின் வேலை. ஆகவே இது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

இந்த இடத்தில்தான் ஹெட் டிராக்கிங் வருகிறது. தலை எங்கே, எப்படித் திரும்பியிருக்கிறது என்பதை ஒரு கேமரா பார்த்து, காக்பிட்டுக்குள் இருக்கும் கற்பனைத் தலையை அதே மாதிரி திருப்புகிறது. சிமுலேட்டருக்குப் போவது மொத்தமே ஆறு எண்கள். இடம்-வலம் திரும்புவது 'யா', மேல்-கீழ் பார்ப்பது 'பிட்ச்', தலையைத் தோள் பக்கம் சாய்ப்பது 'ரோல்'. மீதி மூன்றும் நகர்வுகள்: பக்கவாட்டில், மேலும் கீழும், முன்னும் பின்னும்.

ஆறு எண்களை ஒரே ஒரு கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? விடை அழகானது. தொப்பியிலோ ஹெட்போனிலோ மூன்று அகச்சிவப்பு எல்இடிகளைப் பொருத்துகிறோம். கேமராப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும், இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று. மூன்று புள்ளி, தலா இரண்டு எண், ஆக ஆறு. தெரியாதவையும் ஆறு. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் முன்கூட்டியே தெரியுமென்பதால் கணக்குப் போட்டுவிடலாம். ஒரே சிக்கல், ஒரே படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தக்கூடும். முகத்துக்கு நேராக ஒரே தளத்தில் மூன்று விளக்கையும் வைத்தால், தலை கொஞ்சம் குனிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று கேமராவுக்குக் குழம்பும். கடையில் வாங்கும் கிளிப்புகளில் மூன்று புள்ளியும் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைச் சரக்கில் பிரபலமானது அமெரிக்காவின் ஓரிகன் மாநில நிறுவனமான நேச்சுரல்பாயின்ட் செய்யும் டிராக்ஐஆர். அதன் கேமரா நொடிக்கு 120 படம் எடுக்கும். காசு செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விளக்கே இல்லாமல் சாதாரண வெப்கேமில் முகத்தை மட்டும் பார்த்தே ஆறு எண்களையும் தந்துவிடும். பழைய பிளேஸ்டேஷன் 3 கேமராவைக் கழற்றி, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டு, கழுவிய ஃபிலிம் சுருளின் கறுத்த துண்டை முன்னால் ஒட்டுகிற கைவேலைக்காரர்களும் உண்டு. அந்தக் கறுப்பு நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பு அதன் வழியே போகும்.

சரி, கருவி கிடைத்துவிட்டது. தலையைத் திருப்பினால் பார்வை திரும்புகிறது. ஆனால் முதல் முறை போட்டுப் பார்ப்பவர்களில் பலர் அரை மணி நேரத்தில் தலைசுற்றிக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. அது புரிந்தால்தான் எந்த அமைப்பை எதற்காக மாற்றுகிறோம் என்பதும் புரியும்.

மானிட்டரை இரண்டு விதமாக நினைக்கலாம். ஒன்று, அது சுவரில் இருக்கும் ஜன்னல். ஜன்னல் முன் நீங்கள் தலையை நகர்த்தினால் வெளிக்காட்சி கொஞ்சம் மாறும். தலையை வெறுமனே திருப்பினால் ஒன்றுமே மாறாது, ஜன்னல்தான் கண்ணைவிட்டு விலகும். இன்னொன்று, அது முகத்தோடு கட்டிய கண்ணாடி. விஆர் ஹெட்செட் அப்படித்தான். தலை 90 டிகிரி திரும்பினால் காட்சியும் 90 டிகிரி. மேசை மேல் நிற்கும் மானிட்டரோடு ஹெட் டிராக்கிங் சேரும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. நகர்வுக்கு அது ஜன்னல், சுழற்சிக்கு அது முகக்கண்ணாடி. ஆனால் அந்தக் கண்ணாடி உங்களோடு திரும்புவதில்லை, மேசையிலேயே நிற்கிறது.

எண்களில் பார்ப்போம். 27 அங்குல மானிட்டர் ஏறக்குறைய 60 செ.மீ. அகலம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது உங்கள் பார்வையில் 53 டிகிரியை அடைக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால், 90 டிகிரி இடது பக்கம் பார்க்க நீங்களும் 90 டிகிரி திரும்ப வேண்டும். அப்போது உங்கள் முன்னால் இருப்பது பீரோதான், மானிட்டர் இல்லை. ஆகவே பெருக்கியே ஆக வேண்டும். 15 டிகிரி கழுத்துக்கு 90 டிகிரி பார்வை, ஆறு மடங்கு. ஆனால் தலை ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மூச்சு விட்டாலே ஆடும். ஒரு டிகிரி ஆட்டம் ஆறு டிகிரியானால், 80 டிகிரிக் காட்சி காட்டும் அந்தத் திரையில் நடுப்பகுதி ஏறக்குறைய 4 செ.மீ. குதிக்கும். உயரமானியின் முள்ளைப் படிக்கவே முடியாது.

இதற்கான தீர்வுதான் வளைவு. ஓப்பன்டிராக்கில் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு வரைபடம் இருக்கும். கிடையாக நிஜத் தலை, செங்குத்தாகக் கற்பனைத் தலை. நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் செங்குத்தாகவும் அதை வளைக்க வேண்டும். உதாரணத்துக்கு, முதல் 2 டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, 5 டிகிரிக்கு 10, 10 டிகிரிக்கு 45, 20 டிகிரிக்கு 135. இப்படி வைத்தால் நேரே பார்க்கும்போது காட்சி பாறை மாதிரி நிற்கும். டவுன்விண்டில் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டியபோது கழுத்து 20 டிகிரிதான் திரும்பியிருக்கும், கண் இன்னும் திரையிலேயே இருக்கும். நடுவில் முழுசாகச் செத்த பகுதி வைக்கச் சொல்லுபவர்களும் உண்டு. எனக்கு அது சரிப்படவில்லை. அதன் விளிம்பைத் தாண்டும்போது ஒரு வெட்டு தெரிகிறது. மெதுவாக ஏறும் வளைவே மேல்.

ஆறு மடங்கு பொய்யை மூளை எப்படி ஏற்றுக்கொள்கிறது? ஏற்றுக்கொள்கிறது என்பதே ஆச்சரியம்தான். வளைவு சரியாக இருந்தால் ஓரிரு நாளில் பழகிவிடும். இயல்பு வாழ்க்கையில் ஒரு பக்கம் பார்க்கும்போது கண் முதலில் பாயும், தலை பின்னால் வரும். தலை வந்து சேரும்போது கண் எதிர்ப்பக்கம் திரும்பி, பார்த்த பொருளிலேயே நிற்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு இயக்கும் அனிச்சைச் செயல் அது. 10 மில்லிநொடி அளவிலேயே நடந்துவிடும். இப்போது சிமுலேட்டரைப் பாருங்கள். ஓரத்தில் தெரியும் ஓடுபாதைக்குக் கண் பாய்கிறது, தலை கொஞ்சம் திரும்புகிறது, காட்சி நகர்ந்து ஓடுபாதை திரை நடுவுக்கு வருகிறது, கண்ணும் அதோடு எதிர்ப்பக்கம் திரும்பி வருகிறது. வரிசை அதேதான், அளவு மட்டும்தான் வேறு. அதனால்தான் உடம்பு முரண்டு பிடிப்பதில்லை என்பது என் கணிப்பு.

அந்த வரிசையைக் கெடுப்பது தாமதம். நொடிக்கு 30 படம் எடுக்கும் வெப்கேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி. அறை இருட்டாக இருந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொண்டு இன்னும் மெதுவாகும். முகத்துக்கு எதிரே ஒரு மேசை விளக்கைப் போடுவது பல நேரம் புதிய கேமரா வாங்குவதற்குச் சமம். நடுக்கத்தைக் குறைக்க வடிகட்டியைக் கூட்டினாலும் தாமதம் கூடும். ஓப்பன்டிராக்கின் அக்செலா வடிகட்டி இதில் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது: மெதுவான சின்ன அசைவை அழுத்தி வைக்கும், வேகமான பெரிய அசைவை அப்படியே விட்டுவிடும்.

இப்போது ரோல். என் ஆலோசனை, இதை அணைத்துவிடுங்கள், அல்லது மிகக் குறைவாக வையுங்கள். விமானம் வலது பக்கம் சாய்ந்து திரும்பும்போது விமானி தன்னையறியாமல் தலையை இடது பக்கம் சாய்ப்பார், தொடுவானத்தைச் சமமாக வைத்துக்கொள்ள. நிஜ விமானிகளிடமே கவனிக்கப்பட்ட பழக்கம் இது, மானிட்டர் முன்னாலும் நடக்கும். ரோல் இயங்கிக்கொண்டிருந்தால் கற்பனைத் தலையும் சாயும், திரையில் தொடுவானம் நிமிரும், 30 டிகிரி சாய்வு 20 மாதிரி தெரியும். உடனே இன்னும் கொஞ்சம் சாய்ப்பீர்கள். தாழ்வாக, மெதுவாகத் திரும்பும்போது வேண்டாத வேலை இது.

நகர்வு அச்சுகளில் அதிகம் தொல்லை தருவது சுழல்மையம். கேமரா பார்ப்பது தொப்பி விளிம்பில் இருக்கும் விளக்கை. தலை சுழல்வதோ கழுத்தில். விளக்கு கழுத்து அச்சிலிருந்து 15 செ.மீ. முன்னால் இருந்தால், 15 டிகிரி திரும்பும்போது அது பக்கவாட்டில் ஏறக்குறைய 4 செ.மீ. நகர்கிறது. மென்பொருளுக்கு இது தெரியாவிட்டால், நீங்கள் திரும்பவும் செய்தீர்கள், தள்ளி உட்காரவும் செய்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். இடது பக்கம் பார்த்தால் தலை கதவுக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். மையத்தை அளந்துகொள்ளும் வசதி ஓப்பன்டிராக்கில் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு தோளை அசைக்காமல் தலையை மட்டும் மெதுவாக எல்லாப் பக்கமும் சுழற்ற வேண்டும். இரண்டு நிமிஷ வேலை, ஆனால் பெரும்பாலோர் செய்வதில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. இடது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே திரையை நோக்கிக் குனிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணம் ஜன்னலை நெருங்கிக் கீழே பார்ப்பது. ஆனால் கணக்குப்படி நீங்கள் போனது விமானத்தின் மூக்குப் பக்கம். காட்சி இடது பக்கம் வழுக்கும். நகர்வைப் பார்வைத் திசையோடு சேர்த்துத் திருப்பும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டால் குனிந்தது ஜன்னல் பக்கமே போகும். சுழல்மையத்தைச் சரிசெய்த பிறகு மட்டும் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிழை எல்லாத் திசையிலும் சிதறும்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் ஹாங்காங்கின் பழைய காய் டாக். 1998 ஜூலையில் மூடிவிட்டார்கள், சிமுலேட்டரில் மட்டும் இன்னும் விமானங்கள் இறங்குகின்றன. 13ஆம் ஓடுபாதைக்கு வரும்போது கருவி காட்டும் பாதை ஓடுபாதைக்குப் போகாது. சதுரங்கப் பலகை மாதிரி வண்ணம் பூசிய ஒரு குன்றை நோக்கிப் போகும். குன்றுக்கு முன்னால், 700 அடிக்கும் கீழே, கண்ணால் பார்த்து வலது பக்கம் 47 டிகிரி திரும்ப வேண்டும். இடது இருக்கையில் இருக்கும் கேப்டன், துணை விமானியின் பக்கக் கண்ணாடி வழியாக ஓடுபாதையைத் தேட வேண்டும். முன்பக்கம் மட்டும் காட்டும் திரையில் அந்தத் திருப்பம் பாதி முடியும்வரை குன்றும் கட்டடங்களும்தான். ஹெட் டிராக்கிங்கில் கழுத்து 10 டிகிரி, ஓடுபாதை கண்ணில். அதைக் கண்ணிலேயே பிடித்துக்கொண்டு சாய்வைக் கூட்டிக் குறைக்கலாம். வளைவு சரியில்லை என்றால் இங்கே உடனே தெரிந்துவிடும், திருப்பத்தின் நடுவில் காட்சி நீந்த ஆரம்பிக்கும்.

தரைக்குப் பக்கத்தில் வந்தபிறகு ஹெட் டிராக்கிங்கால் பெரிய உதவி இல்லை. கடைசிச் சில அடிகளில் விமானி ஓடுபாதையின் தூர முனையைப் பார்த்துக்கொண்டு, இருபக்க ஓரப்பார்வையில் தரை மேலே வருவதை உணர்வார். 53 டிகிரித் திரையில் அந்த ஓரம் கிடையாது. விஆரிலும் முழுசாக இல்லை. நிஜப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 15 டிகிரியில் எல்லாம் தெரிந்து பழகிய கழுத்துக்கு, நிஜத்தில் முழுசாகத் திரும்ப வேண்டும் என்பதை மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கும்.

அமைப்பு எல்லாம் முடிந்ததும் இரண்டு பொத்தான்களை ஜாய்ஸ்டிக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள், விசைப்பலகையில் வேண்டாம். ஒன்று, நடுவை மறுபடி அமைக்க; அரை மணி நேரத்தில் நாற்காலியில் சரிந்திருப்போம், காட்சியும் சரிந்திருக்கும். மற்றொன்று, டிராக்கிங்கை நிறுத்தி வைக்க. மேசையில் இருக்கும் செக்லிஸ்ட்டைக் குனிந்து பார்க்கும்போது கற்பனைத் தலையும் காக்பிட் தரையைப் பார்க்கப் போய்விடும். அப்புறம், எல்இடி வைத்திருப்பவர்கள் மத்தியானம் பறப்பதாக இருந்தால் முதுகுப் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம், கேமராவுக்கு அது நாலாவது விளக்கு.