ரெண்டாயிரம் பேர் வந்தாங்க, ஆர்டர் எங்கே?

திண்டிவனம், மயிலம், விழுப்புரம் பக்கம் செக்கு எண்ணெயும் பாரம்பரிய அரிசியும் சொந்த இணையதளம் வைத்து விற்கிற உழவர்கள் இப்போது இருக்கிறார்கள். "மாசம் ரெண்டாயிரம் பேர் பார்க்குறாங்க சார், ஆர்டர்தான் வரல" என்று புலம்புகிறவர், அடுத்த வாரமே விளம்பரத்துக்குப் பணம் கட்டத் தயாராகிவிடுகிறார். கொஞ்சம் பொறுங்க. அந்த ரெண்டாயிரம் யார்னு முதல்ல பார்ப்போம்.

வங்கிக் கிளையில் வாசல் தாண்டி வருகிறவர்களை எண்ணினால், பாஸ்புக் பதிய வந்தவர், ஏசி காற்றுக்கு ஒதுங்கினவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். டெபாசிட் போட்டவர் எத்தனை என்பது தனிக்கணக்கு. இதுவும் அப்படித்தான்.

பெரும்பாலோர் வைத்திருப்பது கூகுள் அனலிடிக்ஸ். 2005இல் வந்தது, இலவசம். இப்போது ஓடுவது நான்காம் பதிப்பு. பழைய பதிப்பு 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. அதனால் பழைய யூடியூப் விளக்கங்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஒரு சிறு நிரல் உட்கார்ந்து, வருகிறவரின் பிரவுசரில் ஒரு அடையாளம் வைக்கும். ஆக, அது எண்ணுவது ஆளை அல்ல, பிரவுசரை. ஒரே ஆள் போனிலும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் பார்த்தால் ரெண்டு பேர். உங்க பையன் தினம் திறந்து பார்க்கிறதும் அதில் சேர்த்திதான்.

அதனால் மொத்த எண்ணிக்கையை விடுங்க. 'ஈடுபாடுள்ள வருகை' என்று ஒன்று காட்டும். 10 விநாடிக்கு மேல் இருந்தவர், ரெண்டு பக்கமாவது பார்த்தவர், நாம் முக்கியம் என்று குறித்து வைத்த செயலைச் செய்தவர், இவர்கள்தான் அதில் வருவார்கள். ரெண்டாயிரத்தில் இது எவ்வளவு என்று பாருங்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமான இடம் இனிமேல்தான். நமக்கு ஆர்டர் வருவது போனில், வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் பொத்தானை அமுக்கினால், அது வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு என்பதால், பெரும்பாலும் தானாகவே பதிவாகும். போன் நம்பரை அமுக்கினால் பதிவாகாது. அதைத் தனியாக அமைக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். இது இல்லாமல் மத்த எல்லாம் வெறும் வேடிக்கை.

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இணைப்பு வழியாக வந்தவர் பெரும்பாலும் 'நேரடி' என்றுதான் தெரிவார். முகவரியின் வாலில் யூடிஎம் குறிப்பு சேர்த்து அனுப்பினால் எந்தக் குழுவிலிருந்து வந்தார் என்று பிரிந்து தெரியும். ஊர்ப் பட்டியலை ரொம்ப நம்ப வேண்டாம். மொபைல் இணைப்பில் செஞ்சிக்காரர்கூட சென்னை என்று விழலாம்.

கூடவே சர்ச் கன்சோல் என்று கூகுளின் இன்னொரு இலவசக் கருவி. என்ன சொல் தேடி வந்தார்கள் என்பதை 16 மாதம் வரை வைத்திருக்கும். நாம் ஊர் வழக்கில் 'மல்லாட்டை எண்ணெய்' என்று எழுதியிருப்போம், சென்னைக்காரர் 'மரச்செக்கு கடலை எண்ணெய்' என்று தேடுவார். ரெண்டையும் பக்கத்தில் எழுதி வைக்கக் காசு செலவில்லை.

வருகிறவர் விவரம் கூகுளுக்குப் போக வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மட்டோமோ இருக்கிறது. நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்; வாடகையும் பராமரிப்பும் நம்ம தலையில். பக்கத்தில் எந்த இடத்தை அமுக்குகிறார்கள் என்று வண்ணப்படமாகக் காட்டும் பேஜ்சென்ஸ், நம்ம ஊர் ஜோஹோ நிறுவனத்தினுடையது. நாலைந்து பொருள் விற்கிற தளத்துக்கு அதெல்லாம் இப்போதைக்குத் தேவைப்படாது என்பது என் எண்ணம்.