கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை அல்ல



படி ஏறும்போது மூச்சு வாங்கியது. வயது 58, தொழில் தச்சு வேலை. உடல் களைப்புத்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் பட்டறையிலேயே மயங்கி விழுந்தபோதுதான் எக்கோ பரிசோதனை செய்தார்கள். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் செல்லும் வாசலில் உள்ள மகாதமனி வால்வு சுருங்கியிருந்தது.

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தத்தை முன்னே விட்டு, பின்னே திரும்பாமல் தடுக்கும் கதவுகள் அவை. மகாதமனி வால்வுக்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். எனக்குப் பிறவியிலேயே இரண்டுதான். அத்தகைய வால்வில் சுண்ணாம்புச் சத்து சீக்கிரமே படிந்து, கதவு இறுகிவிடும். மருந்தால் அதைத் திறக்க இயலாது. மாற்றியே ஆகவேண்டும்.

முதலில் பார்த்த மருத்துவரிடம், "எந்த வால்வு வைப்பீர்கள் ஐயா?" என்று கேட்டேன். "அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். அவர் திறமையற்றவர் அல்லர். ஆனால் எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. "மருத்துவரைச் சந்தேகிப்பது தவறில்லையா சாமி?" என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கதவு செய்யச் சொல்கிறவர் என்ன மரம் என்று கேட்டால் நீங்கள் கோபிப்பீர்களா?" என்றார்.

அறிக்கைகளை எடுத்துக்கொண்டு வேறொரு அறுவை மருத்துவரிடம் சென்றோம். அவர் பொறுமையாக விளக்கினார். இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதில் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை விழுங்க வேண்டும், ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையும் அடிக்கடி தேவை. வெட்டுக்காயம் பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆன வால்வுக்கு பொதுவாக அந்த மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவைப்படாது. ஆனால் 10 முதல் 15 ஆண்டுகளில் அது தேய்ந்து, மறுபடியும் மாற்ற நேரிடலாம்.

"உங்கள் வயதில் இரண்டுமே பொருந்தும். உங்கள் வேலையை நினைத்து முடிவு செய்யுங்கள்" என்றார். தினமும் உளி பிடிக்கும் கை இது. திசு வால்வைத் தேர்ந்தேன்.

நான் கேட்ட மற்ற கேள்விகள் இவை: ஆண்டுக்கு இத்தகைய அறுவை எத்தனை செய்கிறீர்கள்? என் உடல்நிலையில் ஆபத்து எவ்வளவு? நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்தும் முறை எனக்கு ஏற்றதா? இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் இருப்பார்கள்? எதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. பல்லில் உள்ள கிருமி புது வால்வைத் தாக்கலாம் என்று, முதலில் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

அறுவைக்கு முந்தைய நாள் நோயில்பூசுதல் பெற்றேன். மறுநாள் என் இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு வால்வை மாற்றினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியவில்லை. பயந்தேன். ஆனால் குழாய் இருக்கும், அகற்றிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் அமைதியானேன். நெஞ்செலும்பு கூடும்வரை மூன்று மாதம் பாரம் தூக்கவில்லை. இப்போது பட்டறைக்குத் திரும்பிவிட்டேன்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கக் கற்பிக்கிறது. கேட்டுத் தெளிவதும் அந்த மதிப்பின் ஒரு பகுதியே. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவை தேவைப்பட்டால், செபியுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதியும் கொண்டு செல்லுங்கள். பதில் சொல்லும் மருத்துவரின் கையில் அச்சமின்றிப் படுக்கலாம்.