எட்டு சலானுக்குப் பிறகும் முதல் குற்றம்

சாலையில் ஓர் உயிர் போன வழக்கில் குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை பற்றிச் சொல்ல ஏதாவது உண்டா என்று நீதிமன்றம் கேட்கும். வக்கீல் எழுந்து சொல்வது எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான், வயதான அம்மா இருக்கிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், இது முதல் குற்றம். முதல் மூன்றுக்கும் யாரும் மறுப்புச் சொல்லப் போவதில்லை. நான்காவதைத்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆள் அதற்கு முன் எட்டு முறை சிவப்பு விளக்கைத் தாண்டி மாட்டியிருக்கலாம். அப்போதும் வக்கீல் சொன்னது பொய்யாகாது. சட்டத்தின் கணக்கில் அது முதல் குற்றம்தான்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-ஏ பிரிவு சேர்ந்தது 1870-ல். மோட்டார் வாகனம் என்ற ஒன்று இந்த நாட்டுக்கு வராத காலம். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்றது அது. லாரி, பஸ், இருநூறு குதிரைத்திறன் கார் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் அந்த இரண்டு ஆண்டு நகரவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது. இன்னமும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு என்னும் 106(2), லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு அமலுக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது.

ஐந்தோ இரண்டோ, அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. ஏற்கெனவே இப்படி ஓட்டித் தண்டனை பெற்றவர் மறுபடியும் செய்தால் என்ன என்பது. திருட்டுக்கு அந்த வார்த்தை இருக்கிறது. இதே சன்ஹிதாவின் 303-வது பிரிவில், இரண்டாம் முறை திருடித் தண்டனை பெறுபவருக்குக் குறைந்தது ஓராண்டு கடுங்காவல், அதிகம் ஐந்து. போதாததற்கு 13-வது பிரிவு வேறு. கள்ள நாணயம், சொத்துக் குற்றங்களில் மூன்றாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரியவற்றை ஒருவர் திரும்பச் செய்தால் ஆயுள் வரைகூடப் போகலாம் என்கிறது. பஸ்ஸில் பர்ஸ் அடிப்பவன் இரண்டாம் முறை மாட்டினால் சட்டம் அவனை நினைவு வைத்திருக்கிறது. அந்த பஸ்ஸை ஏற்றி ஆளைக் கொன்றவர் இரண்டாம் முறை மாட்டினால், நீதிபதியாகப் பார்த்துக் கணக்கில் எடுத்தால்தான் உண்டு. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

மோட்டார் வாகனச் சட்டம் இதை யோசிக்காமல் விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. அதன் 21-வது பிரிவைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அபாயகரமாக ஓட்டியதற்காக 184-வது பிரிவில் ஏற்கெனவே தண்டனை பெற்ற ஒருவர், மறுபடி அப்படி ஓட்டி உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானால், அவருடைய லைசென்ஸ் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குத் தானாகவே செல்லாது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்குப் பதிந்த போலீஸ் அதிகாரி நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றம் லைசென்ஸை வாங்கி அதில் குறித்து ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பின்னால் குற்றம் உறுதியானால், அடுத்துள்ள 22-வது பிரிவின்படி லைசென்ஸை ரத்தே செய்யலாம்.

நல்ல பிரிவுதான். ஆனால் அது தொங்குவது ‘தண்டனை பெற்ற’ என்ற ஒரே சொல்லில். நம் சாலையில் தண்டனை எங்கே நடக்கிறது?

ஒரு சிக்னலைப் பாருங்கள். மாலை ஆறரை மணி. காதில் போனை வைத்தபடி ஒரு கார் வருகிறது. டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டுகிறார். கையிலிருக்கும் மெஷினில் வண்டி எண்ணைத் தட்டுகிறார், கார்டைத் தேய்க்கிறார், துண்டு ரசீது நீள்கிறது. இரண்டு நிமிட வேலை. பின்னால் ஹாரன் சத்தம் ஓய்வதற்குள் கார் போய்விடுகிறது. ஓட்டும்போது போன் பேசுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு அபாயகரமான ஓட்டுதல் என்ற அதே 184-க்குள்தான் வருகிறது. ஆனால் அந்த ஒன்றை மட்டும் ஸ்பாட் ஃபைனில் முடித்துக்கொள்ளச் சட்டமே இடம் தந்திருக்கிறது. அப்படி முடித்ததும், அடுத்த முறை கூடுதல் அபராதம் போடுவதற்கு, ‘முன்பு செய்த குற்றம்’ என்று கணக்கில் ஏறும். அதுவும் 2019-ல் எழுதப்பட்டதுதான். ஆனால் 21-வது பிரிவு கேட்பது முன்பு செய்ததை அல்ல, முன்பு பெற்ற தண்டனையை. ரசீது தண்டனை ஆகாது.

கேமரா விஷயம் இதைவிட மோசம். மேம்பாலத்துக் கேமரா எடுக்கும் படத்தில் தெளிவாகத் தெரிவது நம்பர் பிளேட். சலான் போவது அந்த எண்ணின் சொந்தக்காரருக்கு. கம்பெனி வேனாக இருந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவு மாதக் கடைசியில் மொத்தமாகக் கட்டிவிடும், டீசல் பில்லோடு பில்லாக. அப்பாவின் பெயரில் இருக்கும் காரை மகன் ஓட்டினால் எஸ்.எம்.எஸ். அப்பாவுக்கு. ஓட்டியவரின் லைசென்ஸ் எண்ணுக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகிறது. யார் ஓட்டினார் என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும் என்று 133-வது பிரிவு இருக்கிறது. பணம் ஆன்லைனில் வந்து சேர்ந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

இங்கிலாந்திலும் கேமரா நோட்டீஸ் முதலில் உரிமையாளருக்குத்தான் போகும். ஆனால் அது முதலில் கேட்பது, ஓட்டியது யார் என்று. 28 நாளில் பதில் சொல்லாவிட்டால் அது தனிக் குற்றம். பெயர் கிடைத்ததும் புள்ளிகள் அந்த ஓட்டுநரின் லைசென்ஸில் ஏறும். மூன்றாண்டில் 12 சேர்ந்தால் பொதுவாக ஓட்டத் தடை. 2022 ஜூனிலிருந்து அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவிப்பதற்கு அங்கே அதிகபட்சம் ஆயுள். ஓட்டத் தடை குறைந்தது ஐந்தாண்டு. பழைய தண்டனைகளை, பொருத்தமானவையாக இருந்தால், தண்டனையைக் கூட்டும் காரணமாக நீதிபதி எடுத்தாக வேண்டும். ஆயுள் தண்டனையை நான் பெரிதாக நினைக்கவில்லை. யார் ஓட்டினார் என்ற அந்தச் சின்னக் கேள்விதான் அங்கே வேலை செய்கிறது.

இங்கே நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. குழு 2015-ல் மாநிலங்களுக்குச் சொன்னது: அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், போதையில் ஓட்டுதல், ஓட்டும்போது போன் முதலியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை முடக்குங்கள். ஸ்பாட் ஃபைன் கட்டினாலும் இந்த நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது என்று 2019 திருத்தமும் சொல்கிறது.

அதே 2015-ல் பஞ்சாப் வழக்கு ஒன்று. கார் மோதி இன்னொரு காரில் போன இருவர் இறந்தார்கள். கீழ் நீதிமன்றம் கொடுத்தது ஓராண்டு. நஷ்ட ஈடாக 85,000 ரூபாய் கொடுத்ததைச் சொல்லி, ஏற்கெனவே சிறையில் கழித்த 24 நாளே போதும் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக உயர்த்தி, இந்தப் பிரிவின் தண்டனையைச் சட்டம் இயற்றுபவர்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த வழக்கிலோ, இதைவிடக் கடுமையான பிரிவில் விதித்த மூன்றாண்டு மிகக் குறைவு என்று சொல்லியும் உச்ச நீதிமன்றம் அதைக் கூட்டவில்லை. கூட்டக் கோரி மாநில அரசு அப்பீல் போடவில்லை.

வண்டி வைத்திருப்பவர்கள் இதை நீதிமன்றச் சமாச்சாரம் என்று விட்டுவிட முடியாது. லைசென்ஸ் முடக்கப்பட்ட காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம். அது சிறிய கவலை. தகுதி நீக்கம் செய்யப்பட்டவர் ஓட்டி உயிர் போனால், பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனி வாதிடலாம். இறந்தவர் குடும்பத்துக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்து, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும், சில நேரம் கோடியில். டிரைவரை வேலைக்கு எடுக்கும்போது லைசென்ஸின் ஜெராக்ஸை ஃபைலில் வைப்பது போதாது. வேன் எண்ணுக்கு வந்த சலான்களை எடுத்து, அந்தத் தேதியில் யார் டியூட்டி என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

பறிகொடுத்த குடும்பமோ நஷ்ட ஈட்டு வழக்கின் பின்னால் ஓடுகிறது, அது இயல்பு. ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவான வாரத்திலேயே ஒரு மனு எழுத வேண்டும்: ஓட்டியவரின் லைசென்ஸ் எண்ணில் பழைய தண்டனை உண்டா என்று பார்க்கச் சொல்லி, இருந்தால் 21-வது பிரிவைக் குறிப்பிட்டு, விசாரணை அதிகாரிக்கும் நடுவர் நீதிமன்றத்துக்கும். முன் தண்டனை இருப்பதாகச் சொன்னால் மட்டும் போதாது, அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், அதில் இருப்பவர் இவர்தான் என்று காட்ட வேண்டும். பழைய வழக்கு வேறு மாவட்டத்தில் நடந்திருந்தால் நகல் வாங்கவே வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆறு மாதம் என்பதோ வழக்குப் பதிவான நாளிலிருந்து ஓடுகிறது. ஏழாவது மாதம் அந்த நகல் நீதிமன்றத்துக்கு வரும்போது, முடக்க வேண்டிய லைசென்ஸ் மறுபடி செல்லத்தக்கதாகியிருக்கும்.